வீட்டுப் பட்டறையில் கட்டும் சிறு நீர்மூழ்கி: ஹேட்ச்சைக் கசியாமல் அமைப்பதும் காப்பதும், முழுமையான வழிகாட்டி

சொந்தமாக நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. இருப்பவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் ஜார்ஜ் கிட்ரெட்ஜ் விற்ற வரைபடங்களைப் புரட்டியிருப்பார்கள். அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்று, மெய்ன் மாநிலத்தில் சிறு நீர்மூழ்கிகள் கட்டியவர் அவர். அவருடைய கே-250 ஒருவர் போகும் படகு, 250 அடி ஆழத்துக்கு. கே-350 இருவருக்கு, 350 அடிக்கு. எஃகு உருளை, மேலே ஒரு குட்டிக் கோபுரம், ஆள் ஏறி இறங்க ஒரு ஹேட்ச். அவ்வளவுதான் அமைப்பு.

இந்த வழிகாட்டி அந்த மாதிரிப் படகுகளுக்கானது: உள்ளே சாதாரணக் காற்றழுத்தம், எஃகு உடல், ஒரே ஹேட்ச், 100 மீட்டருக்கு உட்பட்ட ஆழம். உடலின் தடிமன், ஹேட்ச்சுக்காக வெட்டும் துளையைச் சுற்றித் தரவேண்டிய வலுவூட்டல் ஆகியவற்றுக்கு அழுத்தக் கலன் கணக்குத் தெரிந்த பொறியாளரிடம்தான் போக வேண்டும். அதை இங்கே தொடவில்லை. உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் 50 செ.மீ. விட்டமுள்ள ஹேட்ச்சை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், அழுத்தம் எந்தப் பக்கம்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் கூடுகிறது. 50 செ.மீ. மூடிமேல் 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 2 டன் உட்காரும். 100 மீட்டரில் 20 டன். மூடி வெளிப்பக்கமாகத் திறப்பது என்றால், இந்த விசை முழுவதும் அதைச் சீட்டிங்கோடு, அதாவது மூடி உட்காரும் வளையத்தோடு, சேர்த்து அழுத்தும். உள்மூடி குக்கரில் ஆவி மூடியை விளிம்போடு இறுக்குகிறது அல்லவா, அதே வேலையை இங்கே வெளியிலிருந்து கடல் செய்கிறது.

அதனால் ஒழுங்காகச் செய்த ஹேட்ச்சுக்கு ஆழம் நண்பன். கஷ்டமெல்லாம் நீர்மட்டத்திலும் முதல் இரண்டு மூன்று மீட்டரிலும்தான். மூடிக்கும் சீட்டிங்குக்கும் நடுவே நீரைத் தடுக்கும் 7 மி.மீ. ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, நசுக்கி எஃகோடு எஃகு சேர வைக்க, முழுச் சுற்றளவுக்கும் சேர்த்துப் பல நூறு கிலோ விசை தேவைப்படும். மூடியின் சொந்த எடையோ முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். மீதியைத் தர அங்கே கடல் இன்னும் வரவில்லை. கொண்டிகள்தான் தர வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் 100 மீட்டரை நினைத்துப் பயந்து மூடியைத் தடிமனாக்கிக்கொண்டே போவார்கள். கொண்டியையும் சீட்டிங்கையும் கவனிக்க மாட்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த முதல் மூன்று மீட்டரை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

படி 1: மூடி குவிந்ததா, தட்டையா?

தட்டையான மூடி செய்வது சுலபம். கணக்குப் போட்டால் ஆசை விட்டுப்போகும். 20 மி.மீ. தகடு, 50 செ.மீ. விட்டம், 100 மீட்டர் ஆழம் என்றால் நடுவில் தகைவு சுமார் 190 மெகாபாஸ்கல் வருகிறது. இத்தகைய படகுகளில் வழக்கமான ஏ516 கிரேடு 70 எஃகின் நெகிழ்வு எல்லையே, அதாவது தாண்டினால் நிரந்தரமாக வளைந்துவிடும் அளவே, 260 தான். உயிரை வைத்துக் கீழே போகிற பொருளுக்கு இந்த இடைவெளி போதாது. அது தவிர, தட்டை மூடி அழுத்தத்தில் கிண்ணம் போல் வளையும். வளைந்தால் விளிம்பு சீட்டிங்கில் சமமாக உட்காராது. குவிந்த மூடி மெல்லியதாக, எடை குறைவாக இருந்தும் அசையாது. கலன் செய்யும் கம்பெனிகளிடம் அச்சில் அழுத்திய குவிமூடி கிடைக்கும். அதை வாங்கி, விளிம்பில் தடித்த வளையம் ஒன்றை வெல்ட் செய்துகொள்வதே நல்லது.

படி 2: சீட்டிங் வளையம்

கோபுரத்தின் உச்சியில் மூடி உட்காரும் வளையத்தைத்தான் சீட்டிங் என்கிறேன். இதில் ஒரே ஒரு விதியை மறக்கவே கூடாது: எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகுதான் மெஷினிங். முதலில் லேத்தில் அழகாகக் கடைந்து, அப்புறம் கோபுரத்தில் வெல்ட் செய்தால், வெல்ட் சுருங்கும்போது வளையம் முட்டை வடிவத்துக்கு இழுபடும். மேற்பரப்பும் அலை அலையாகிவிடும். கோபுரத்தைத் தனியாகச் செய்து, வெல்டிங்கின் உள்தகைவை வெப்பப் பதத்தால் நீக்கி, பெரிய லேத்தில் ஏற்றிக் கடைந்து, பிறகு உடலோடு சேர்ப்பது ஒரு வழி. அப்போதும் கடைசி வெல்ட் சீட்டிங்கிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். உடலோடு சேர்ந்த பின்தான் கடைய முடியும் என்றால், குழாய் ஃபிளாஞ்ச்களை இருந்த இடத்திலேயே கடையும் கையடக்க இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும்.

சாதாரண எஃகுச் சீட்டிங் உப்புநீரில் சீக்கிரமே குழி விழுந்து போகும். அதனால் அந்த முகத்தில் 309எல் கம்பியால் ஓர் அடுக்கு, அதன்மேல் 316எல் என்று ஸ்டெயின்லெஸ் பூச்சு வெல்ட் போட்டுக் கடைவார்கள். கடைந்தபின் 3 மி.மீ. ஆவது மிஞ்சட்டும். ஸ்டெயின்லெஸ்ஸும் கார்பன் எஃகும் சந்திக்கும் கோட்டில்தான் துரு முதலில் தலைகாட்டும். எபாக்ஸி பெயிண்டை அந்தக் கோட்டைத் தாண்டி ஸ்டெயின்லெஸ் மேலேயும் கொஞ்சம் ஏறும்படி அடியுங்கள்.

ஓ-ரிங் தொடும் முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும்? தண்ணீருக்கு 1.6 மைக்ரோமீட்டர் சொரசொரப்பு போதும். காற்றுக்கும் சேர்த்து என்றால் 0.8. இந்த அளவுகளை விடக் கீறலின் திசை முக்கியம். லேத் விட்டுப்போகும் வட்டக் கீறல்கள் ஓ-ரிங்கோடு இணையாகவே ஓடுவதால் கசிவு தராது. குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஓடும் கீறல் ஒன்று போதும், தண்ணீருக்கு வாய்க்கால் கிடைத்த மாதிரி. கிரைண்டரையும் உப்புத்தாளையும் இந்த முகத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

படி 3: ஓ-ரிங்கும் அதன் பள்ளமும்

பள்ளத்தை மூடியில் வெட்டுவதா, சீட்டிங்கில் வெட்டுவதா என்று கேட்டால் என் பதில் எப்போதும் மூடிதான். சீட்டிங்கில் வெட்டினால் ஏறி இறங்கும் ஒவ்வொருவரின் செருப்பிலிருந்தும் மணல் அதற்குள் விழும், மழைநீர் தேங்கும், ஆள் ரிங்கையே மிதிப்பார். மூடியில் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் ரிங் கழன்று விழக் கூடாது. அதற்காகப் பள்ளத்தின் உள்சுவரைச் சாய்வாக, அடி அகலமாக வெட்டி, ரிங்கைச் சற்றே இழுத்து மாட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டுவது இன்னும் பாதுகாப்பு. லேத்காரருக்குத்தான் பொறுமை வேண்டும். பசை போட்டு ஒட்டுவது வேண்டாம். பசைக் கட்டி இருக்கும் இடத்தில் ரிங் மேடு தட்டி, அதன் இரு பக்கமும் கசியும்.

ரிங்கின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. அமெரிக்க அளவுப்பட்டியலின் 400 வரிசையில் குறுக்கு விட்டம் 6.99 மி.மீ.; உள்விட்டம் 65 செ.மீ. வரைக்கும் ஒட்டு இல்லாமல் ஒரே வார்ப்பாகக் கிடைக்கிறது. தடித்த ரிங் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை மன்னித்துவிடும். இந்தத் தடிமனுக்குச் சாதாரணச் செவ்வகப் பள்ளம் என்றால் ஆழம் 5.1 முதல் 5.4 மி.மீ., அகலம் 8.7 முதல் 9.2 மி.மீ. மூடி முழுதாக உட்காரும்போது ரிங் 21 முதல் 29 சதவீதம் நசுங்கும். சாய்சுவர்ப் பள்ளத்துக்கு அளவு வேறு. ரிங் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அகலத்தைக் குறைத்துவிடாதீர்கள். ரப்பர் நசுங்கும், ஆனால் அதன் கனஅளவு குறையாது. போக இடம் இல்லாவிட்டால் மூடி எஃகில் உட்காராமல் ரப்பர்மேலேயே நிற்கும். பளு எஃகு வழியாகத்தான் போக வேண்டும், ரிங்குக்கு நீரைத் தடுக்கும் வேலை மட்டும்தான்.

இன்னொரு நுணுக்கம். அழுத்தம் வெளியிலிருந்து வருவதால் ரிங் உள்பக்கமாகத் தள்ளப்படும். ஆகவே ஆரம்பத்திலேயே அது பள்ளத்தின் உள்சுவரை ஒட்டி இருக்கட்டும். ரிங்கின் உள்விட்டத்தை விடப் பள்ளத்தின் உள்விட்டம் ஒரு சதவீதம் பெரிதாக இருந்தால் சரியாக அமையும்.

ரப்பர் வகை: 70 ஷோர் கடினத்தில் நைட்ரைல். மலிவு, எங்கும் கிடைக்கும், சிலிக்கோன் க்ரீஸோடு ஒத்துப்போகும். சிலிக்கோன் ரப்பர் ரிங்குக்குச் சிலிக்கோன் க்ரீஸ் ஆகாது, உப்பிவிடும். ஈபிடிஎம் ரப்பருக்குப் பெட்ரோலியம் க்ரீஸ் ஆகாது. க்ரீஸை ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் விரலால் தடவுங்கள். அப்பி வைத்தால் அது மணலையும் முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரிங்குக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு தலைமுடி போதும், மேலே இருக்கும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர.

இரண்டு ரிங் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்பார்கள். இரண்டில் எது வேலை செய்கிறது என்று தெரியாமலே ஒன்று செத்துப்போயிருக்கும். கொண்டிக்கும் பளு இரட்டிப்பு. இரண்டு ரிங்குக்கும் நடுவில் சோதனைத் துளை வைக்கிற பொறுமை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் நல்லதாக ஒன்று போதும்.

படி 4: கீலும் கொண்டியும்

கீல் மூடியைத் தூக்கிப் பிடிக்கும் சாதனம் மட்டுமே. அதை இறுக்கமாகப் பொருத்தினால், மற்ற பக்கம் இறங்கும்போது கீல் பக்கம் மட்டும் எக்கி நிற்கும். கீல் ஆணியின் துளையை நீள்வட்டமாக்கி, மூடி ஒன்றிரண்டு மி.மீ. தானாக இடம் பார்த்து உட்காரும்படி விடுங்கள். திறந்த மூடியைப் பூட்டி நிறுத்த ஒரு தாங்கியும் தேவை. அலையில் படகு ஆடும்போது முப்பது கிலோ எஃகு தலைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கொண்டி மூன்றோ நான்கோ, சம இடைவெளியில். நடுவில் ஒரே தண்டு, அதைத் திருப்பினால் எல்லாக் கைகளும் ஒன்றாக இறுகுகிற அமைப்பு எனக்குப் பிடித்தது. உட்கார்ந்தபடி ஒரு கையால் செய்யலாம், ஒன்றை இறுக்க மறந்தோமா என்ற சந்தேகமும் வராது. அந்தத் தண்டு மூடியைத் துளைத்து வெளியே வர வேண்டும், வெளியிலும் கைப்பிடி இருக்க வேண்டும். உள்ளிருப்பவர் மயங்கிக் கிடந்தால் வெளியே நிற்பவர் திறக்க முடிய வேண்டும். அதே போல வெளியே யாரும் இல்லாவிட்டாலும் உள்ளிருப்பவர் திறக்க முடிய வேண்டும். 2023 ஜூனில் கடல் அழுத்தத்தில் உள்நோக்கி நசுங்கிச் சிதைந்த டைட்டன் நீர்மூழ்கியில் முன்மூடியை வெளியிலிருந்து போல்ட் போட்டுத்தான் மூடினார்கள். அந்த விபத்துக்கு அது காரணம் அல்ல. ஆனாலும் உள்ளிருந்து திறக்க வழியில்லாத மூடியை யாரும் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

25 மி.மீ. தண்டை 100 மீட்டரில் கடல் சுமார் 50 கிலோ விசையோடு உள்ளே தள்ளும். தண்டின் வெளிமுனையில் தோள் வைத்துக் கடைந்தால், உள்ளே எந்த நட்டு கழன்றாலும் தண்டு உள்ளே வராது. தண்டுக்கு இரண்டு ஓ-ரிங். சுழலும் இடம் என்பதால் நசுக்கல் குறைவாக, 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

படி 5: அழுத்தச் சமன் வால்வு

இதைப் பலர் தேவையில்லாத செலவு என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெயிலில் ஹேட்ச்சை மூடுகிறீர்கள். கீழே குளிர்ந்த நீரில் உள்காற்று 20 டிகிரிக்கு வருகிறது. அழுத்தம் சுமார் 33 மில்லிபார் குறையும். திரும்ப மேலே வந்து ஹேட்ச்சைத் தள்ளினால், மூடியின் எடை போக இன்னும் 65 கிலோ எதிர்க்கும். கரியமில வாயு உறிஞ்சி வேலை செய்து, ஆக்சிஜன் போதிய அளவு சேர்க்கப்படாவிட்டாலும் இதே கதைதான். இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் 50 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவார்கள். 1,500 லிட்டர் அறையில் அதுவும் 33 மில்லிபார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உயர் அழுத்தக் காற்று இணைப்பு எதிலாவது உள்ளே கசிந்து அறை அழுத்தம் 0.1 பார் ஏறினால், கொண்டியை விடுவித்த கணம் மூடியை 200 கிலோ விசை மேலே எறியும். அதற்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு யாராவது நின்றால் தீர்ந்தது.

அதனால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திருகக்கூடிய பந்து வால்வு ஒன்று, ஹேட்ச்சுக்குப் பக்கத்திலேயே. ஹேட்ச்சைத் தொடும் முன் அதைத் திறந்து சீறல் அடங்கும் வரை காத்திருப்பதைப் பழக்கமாக்குங்கள். கீழே மாட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்தாலும், நீரை உள்ளே விட்டு அழுத்தம் சமமான பிறகுதான் மூடி அசையும். அதற்கும் வழி இத்தகைய வால்வுதான். பெயிண்ட் அடிக்கும்போது அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் தெடிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியில், டார்பிடோ குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் சிறு துளையைப் பெயிண்ட் அடைத்திருந்தது. காலி என்று நம்பி உள்கதவைத் திறந்தார்கள். 99 பேர் இறந்தார்கள்.

படி 6: சோதனை

மூன்று கட்டமாகச் செய்யலாம்.

முதலில் ரிங் இல்லாமல். சீட்டிங்கில் நீலச் சாயம் மெல்லிசாகத் தடவி, மூடியை இறக்கிக் கொண்டியை இறுக்கித் திறங்கள். மூடியின் முகத்தில் நீலம் முழு வட்டமாக ஒட்டியிருக்க வேண்டும். விட்டுப்போன இடம் இருந்தால் அரைபசை போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து ரிங்கோடு. கப்பல் சர்வேயர்கள் கதவுகளில் செய்யும் சாக்பீஸ் சோதனைதான் இது. சீட்டிங்கில் சாக்பீஸ் தேய்த்து, மூடி இறுக்கித் திறந்தால் கறுப்பு ரிங்கில் வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓட வேண்டும். கோடு எங்கே மெலிகிறதோ அந்தப் பக்கத்துக் கொண்டிதான் சோம்பேறி. முடிந்ததும் பொடியை ஈரத்துணியால் முழுவதும் துடைத்து மறுபடி க்ரீஸ் போடுங்கள்.

மூன்றாவது உறிஞ்சல் சோதனை. இதுதான் உண்மையைச் சொல்லும். இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகளில் மூழ்கத் தொடங்கும்போது உள்ளே கொஞ்சம் காற்றை விட்டு, அழுத்தம் நிற்கிறதா என்று பாரோமீட்டரைப் பார்ப்பார்கள். சிறு படகுக்கு அதைத் தலைகீழாகச் செய்வது நல்லது. உள்ளே காற்றை ஏற்றினால் அது மூடியைத் தூக்கப் பார்க்கும். காற்றை உறிஞ்சினால் கடல் அழுத்துவது போலவே வெளிக்காற்று மூடியை அழுத்தும்.

யாரும் உள்ளே இருக்கக் கூடாது. உடலில் இருக்கும் ஒரு துளை வழியாக உறிஞ்சு பம்பை இணைத்து, இன்னொன்றில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி மாட்டுங்கள். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 30 செ.மீ. ஆகும்வரை உறிஞ்சி, வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். 1,500 லிட்டர் அறையில் மட்டம் 1 செ.மீ. குறைந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வெப்பநிலை உங்களை ஏமாற்றும். உள்ளே 1 டிகிரி கூடினாலே மட்டம் மூன்றரை செ.மீ. குறையும். மேகம் விலகி வெயில் பட்டால் இல்லாத கசிவு தெரியும். சாயங்காலம் குளிரும்போது இருக்கிற கசிவு மறைந்துவிடும். அதனால் நிழலில், விடிகாலையில், ஜன்னல் வழியாகத் தெரியும்படி உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைச் சீட்டிங்கைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். சீறல் தெளிவாகக் கேட்கும்.

ஒவ்வொரு முறை மூழ்கும் முன்னும் இதன் குட்டி வடிவத்தை உள்ளிருந்தே செய்யலாம். காற்றை வெளியே தள்ளும் சிறு பம்பும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும், விமானங்களில் இருக்கும் ஆல்டிமீட்டரும் போதும். 10 மில்லிபார் குறைத்தால் முள் சுமார் 80 மீட்டர் ஏறும். ஏறிய இடத்திலேயே நின்றால் ஹேட்ச் மூடியிருக்கிறது. இறங்கினால் மூழ்கக் கூடாது. இதோடு, முழுப் படகையும் ஆள் இல்லாமல் கயிற்றில் கட்டி, வேலை ஆழத்துக்கும் கீழே இறக்கிப் பார்க்காமல் யாரும் உள்ளே உட்காரக் கூடாது.

படி 7: தண்ணீரில் ஹேட்ச்சைக் காப்பது

1863 ஆகஸ்ட் 29 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து நீர்மூழ்கி ஹன்லி மூழ்கி 5 பேர் இறந்தபோது அதன் ஹேட்ச்கள் திறந்திருந்தன. 1968 அக்டோபர் 16 அன்று ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. திறந்த ஹேட்ச் வழியாகத் தண்ணீர் புகுந்து, உள்ளே இருந்த மூவரும் எப்படியோ வெளியேற, படகு 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு தூக்கியபோது அவர்கள் விட்டுப்போன சாண்ட்விச் கெடாமல் இருந்தது தனிக்கதை. 1973 ஆகஸ்ட் 29 அன்று, அதாவது ஹன்லி மூழ்கிய அதே தேதியில், அயர்லாந்துக்கு அப்பால் பைசஸ் 3 என்ற சிறு நீர்மூழ்கி வேலை முடித்து மேலே வந்துவிட்டது. இழுவைக் கயிறு சிக்கி, பின்பக்க இயந்திரக் கோளத்தின் ஹேட்ச்சைப் பெயர்த்தது. கோளம் நிரம்பி, படகு சுமார் 480 மீட்டர் ஆழத்தில் போய் நின்றது. உள்ளே இருந்த ரோஜர் சாப்மனும் ரோஜர் மாலின்சனும் 76 மணி நேரத்துக்குப் பிறகு மீட்கப்பட்டார்கள்.

மூன்றிலும் நீர்மட்டத்தில்தான் ஹேட்ச் வழியாகத் தண்ணீர் வந்தது. ஆகவே கயிறு, கொக்கி எதையும் ஹேட்ச்சிலோ அதன் கைப்பிடியிலோ மாட்ட இடமே வைக்காதீர்கள். கயிறு வழுக்கிப் போகும்படி அதைச் சுற்றி வளைந்த குழாய்க் காவல் போடுங்கள். நீர் நிரப்பினால் மூழ்கவும் காற்று நிரப்பினால் மிதக்கவும் வைக்கும் பேலஸ்ட் தொட்டிகளைக் காற்றால் முழுவதும் நிரப்பி, படகு உயர்ந்து நின்ற பிறகுதான் திறக்க வேண்டும். பக்கத்தில் மோட்டார் படகு போனால் அதன் அலை அடங்கும்வரை மூடியே இருக்கட்டும். இழுத்துச் செல்லும்போதும் கிரேனில் தொங்கும்போதும் ஹேட்ச் மூடியிருக்க வேண்டும், வெயிலில் உள்ளே வேர்த்தாலும் சரி.

ஆள் ஏறி இறங்கும்போது சீட்டிங்மேல் கவிழ்த்து வைக்க, தடித்த பிளாஸ்டிக்கில் ஒரு வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். செருப்பு, பெல்ட் பக்கிள், கையில் இருக்கும் ஸ்பேனர் எல்லாம் அதன்மேல் படும். மூடும் முன் வளையத்தை எடுத்துவிட்டு, சீட்டிங்கைச் சுற்றி வெறும் விரல் நுனியை ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். பிறகு ரிங்கிலும் அதே மாதிரி ஒரு சுற்று.

படி 8: கரையில்

நல்ல தண்ணீரில் கழுவி, கீலின் இடுக்கிலும் பள்ளத்திலும் உப்பு நிற்காமல் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் என்றாலும் பள்ளத்தின் மூலையில் உப்புநீர் தேங்கினால் அரிக்கும். கீலில் பிளாஸ்டிக் புஷ் போட்டிருந்தால் மூடிக்கும் உடலுக்கும் மின் தொடர்பு இருக்காது. எஃகுக்குப் பதிலாகத் தான் அரிந்துபோக உடலில் மாட்டிய துத்தநாகக் கட்டி மூடியைக் காக்காது. நெகிழ்வான செம்புப் பட்டை ஒன்றால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். மூடியில் அக்ரிலிக் ஜன்னல் இருந்தால் சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் மட்டும்தான். ஆல்கஹால், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், திருகு இறுக்கும் பசை எதுவும் பட்டால் அக்ரிலிக் உள்ளுக்குள் நுண்விரிசல் விடும்.

நீண்ட நாள் நிறுத்தினால் கொண்டியை இறுக்கி வைக்காதீர்கள். நசுங்கியே கிடக்கும் ரிங் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். ரிங்கைக் கழற்றி, தட்டையாக வைத்து, இருட்டான இடத்தில் மூடி வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் மடிந்த தடம் விழும். பொறி பறக்கும் பிரஷ் மோட்டார்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அவை உண்டாக்கும் ஓசோனால் நைட்ரைல் விரிசல் விடும். லெட் ஆசிட் பேட்டரிகள் உள்ளேயே இருந்தால் ஹைட்ரஜன் வெளியேற வழி வேண்டும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். ஒரு மரத்துண்டைச் செருகி ஹேட்ச்சைச் சற்றுத் திறந்தே வைத்து, மேலே தார்ப்பாய் போடுங்கள். மூடியின் உள்பக்கக் கைப்பிடியில் "ரிங் இல்லை" என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டிவிடுங்கள். புது ரிங்கை மாட்டி உறிஞ்சல் சோதனை முடித்தவர்தான் அதை அவிழ்க்க வேண்டும்.